பழைய டீசல் காரும் வீட்டுப் பட்டறையும்

மார்கழி மாதத்துக் காலை ஆறு மணி. பெங்களூரில் அந்நேரத்தில் உஷ்ணம் பதினைந்து பாகையை ஒட்டி நிற்கும். பால்காரரையும் செய்தித்தாள் போடும் பையனையும் தவிர, தெருவில் வேறு நடமாட்டம் இராது. 2014-ஆம் ஆண்டின் இறுதியில் அத்தகைய ஒரு காலையில், நான் அப்போதுதான் வாங்கியிருந்த பழைய டீசல் காரின் சாவியைத் திருப்பினேன். எஞ்சின் இருமிற்று, குலுங்கிற்று, மூன்றாவது முயற்சியில் உயிர் பெற்று, தெரு முழுவதையும் வெண்புகையால் நிறைத்தது. எதிர்வீட்டு மாடியில் சன்னல் ஒன்று மூடப்படும் ஓசை கேட்டது. அவ்வீட்டில் இரைப்பு நோயுள்ள ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். அவளுடைய பாட்டியார் என்னிடம் ஒரு சொல்லும் கடிந்து கூறவில்லை. மறுநாளும், அதற்கடுத்த நாளும், நான் சாவியைத் திருப்புமுன்னரே அந்தச் சன்னல் மூடிக்கொண்டது. மோட்டார்த் தொழில் எதுவும் பயிலாத, கலைப் பட்டதாரியான நான் ஸ்பேனரைக் கையில் எடுத்ததற்கு அதுவே காரணம்.

என் வண்டி 2003-ஆம் ஆண்டில் பதிவான டாட்டா இண்டிகா. பதினோராண்டுப் பழமையுடன் அதனை அறுபதாயிரம் ரூபாய்க்கு வாங்கினேன். இந்த வண்டியைப் பற்றி நேயர்களில் பலர் அறிந்திருப்பார்கள். வாடகைக் காராக இதில் பிரயாணம் செய்யாதவர் தென்னாட்டில் குறைவு. 1998-ஆம் ஆண்டு ஜனவரியில் டில்லி மோட்டார்ப் பொருட்காட்சியில் முதன்முதலாகக் காட்டப்பட்டு, அவ்வாண்டின் டிசம்பர் இறுதியில் விற்பனைக்கு வந்தது. வண்டியின் வடிவத்தை இத்தாலி நாட்டு நிறுவனம் ஒன்றின் துணையுடன் அமைத்தார்கள். ஆஸ்திரேலியாவில் மூடப்பட்ட ஒரு மோட்டார்த் தொழிற்சாலையின் யந்திரங்களை வாங்கிக் கொணர்ந்து, பூனாவில் நிறுவி இதனை உற்பத்தி செய்தார்கள். 2001-இல் பல குறைகள் நீக்கப்பட்டு இரண்டாம் பதிப்பு வந்தது. 2018-இல் உற்பத்தி நின்றுவிட்டது. இதன் எஞ்சினுக்கு 475 என்று பெயர். நான்கு சிலிண்டர், ஒவ்வொன்றும் 75 மில்லிமீட்டர் விட்டம். பெயரிலேயே அளவு அடங்கிவிட்டது. மொத்தக் கொள்ளளவு 1,405 கன சென்டிமீட்டர். அதில் டர்போ இல்லை. பம்பை ஆள்வதற்குக் கணிப்பொறியும் இல்லை. வீட்டு வாசலில் அமர்ந்து பழுது பார்க்க நினைப்பவனுக்கு இவ்விரண்டும் இல்லாமையே பெரிய வரம்.

டீசல் எஞ்சின் எவ்வாறு ஓடுகிறது என்பதை ஓரளவு விளங்கிக்கொள்ளாமல் அதன் நோயை அறிய முடியாது. பெட்ரோல் எஞ்சினில் மின்பொறி எரிபொருளைக் கொளுத்துகிறது. டீசலில் பொறியே இல்லை. சிலிண்டருக்குள் காற்று மட்டும் நுழைகிறது. பிஸ்டன் மேலெழுந்து அதனை ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காக நெருக்குகிறது. சைக்கிள் பம்பை அழுத்தும்போது அதன் அடிப்பாகம் சுடுவதைக் கண்டிருப்பீர்கள், அதே விதிதான். இங்கே காற்றின் உஷ்ணம் ஐந்நூறு பாகை சென்டிகிரேடுக்கு மேல் ஏறிவிடுகிறது. அந்தக் கொதிக்கும் காற்றில் டீசலைப் பனித்துளியினும் நுண்ணிய தூவலாகப் பீய்ச்சினால், அது தானே பற்றிக்கொள்கிறது. ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் இதனைச் செயலில் காட்டினார். எரிபொருளின் வெப்பத்தில் நூற்றுக்கு 26 பங்கை அவருடைய எஞ்சின் வேலையாக மாற்றிற்று. அக்காலத்து நீராவி யந்திரங்களில் பெரும்பாலானவை அதில் பாதியையும் எட்டியதில்லை. 1913-இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் செல்லும்போது அவர் நடுக்கடலில் காணாமற்போனார் என்பது தனிக் கதை.

ஆக, டீசல் எஞ்சினுக்கு வேண்டுவன மூன்று: நெருக்கம், உஷ்ணம், நுண்ணிய தூவல். குளிர்ந்த காலையில் எஞ்சின் இரும்பு சில்லிட்டிருப்பதால், நெருக்கிய காற்றின் சூட்டைச் சுவரே உறிஞ்சிவிடுகிறது. அக்குறையை நிரப்பவே ஒவ்வொரு சிலிண்டரின் தலையிலும் பேனா அளவிலான மின் சூடேற்றி ஒன்று உண்டு. சாவியைத் திருப்பிச் சில விநாடி காத்திருந்தால் அதன் முனை செந்நிறமாகக் காய்கிறது. இதனைக் கலைச்சொல் அகராதிக்காரர்கள் எப்படி மொழிபெயர்ப்பார்கள் என்று நானும் தொழில்முறையில் சிந்தித்ததுண்டு. 'ஒளிர்செருகி' என்று எழுதிப் பார்த்தேன். ஜே.சி. ரோட்டுக் கடைக்காரரிடம் அச்சொல்லைச் சொல்லிப் பொருள் வாங்க முடியாது. அங்கே அதற்கு ஹீட்டர் பிளக் என்றுதான் பெயர்; தமிழரும் கன்னடியரும் உருதுக்காரரும் அப்படியே சொல்லுகிறார்கள். அது செய்யும் வேலையை அப்பெயர் நேராகச் சொல்லிவிடுவதால் நானும் என் சொல்லைக் கைவிட்டேன்.

வெண்புகைக்கு வருவோம். காலையில் முதன்முறை எஞ்சினை எழுப்பும்போது மட்டும் வெண்புகை வந்து, டீசல் வாடை வீசி, இரண்டு நிமிடத்தில் மறைந்துவிட்டால், அது எரியாத டீசலே. நான்கு ஹீட்டர் பிளக்குகளில் ஒன்றோ இரண்டோ செத்திருக்கும். இதனைச் சோதிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். நான்கையும் இணைக்கும் செம்புப் பட்டையைக் கழற்றிவிட்டு, பாட்டரியின் நேர்முனையிலிருந்து ஒரு சிறிய பல்பின் வழியாகக் கம்பியைக் கொணர்ந்து ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தொடவேண்டும். பல்பு எரிந்தால் பிளக்கினுள் இருக்கும் கம்பி அறாமல் இருக்கிறது; எரியாவிட்டால் அது செத்தது. என் வண்டியில் மூன்று செத்துக் கிடந்தன! அதை விற்றவர் எப்படித்தான் காலைவேளையில் அலுவலகம் போனார் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை. பிளக்கைக் கழற்றும்போது ஓர் எச்சரிக்கை வேண்டும். எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கையில், துருநீக்கும் எண்ணெயை முன்னாளிலேயே விட்டு வைத்து, சிறுகச் சிறுகத் திருக வேண்டும். பலத்தைக் காட்டினால் பிளக் நடுவே முறிந்து பாதி உள்ளேயே தங்கிவிடும். பின்பு நூறு ரூபாய்ப் பழுது பல்லாயிரம் ரூபாய்ப் பழுதாகிவிடும்.

வெண்புகை சூடேறிய பின்னும் தொடர்ந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்துவந்தால், விஷயம் வேறு. ஹெட் கேஸ்கட் போயிருக்கக் கூடும்; அதை வீட்டில் செய்ய முயலாதீர்கள். கரும்புகை என்றால் டீசல் மிகுதி அல்லது காற்றுக் குறைவு. முதலில் ஏர் பில்டரைத் திறந்து பாருங்கள். மெட்ரோப் பாதை வேலைகள் நடக்கும் இந்த ஊரின் புழுதியில், கையேட்டில் குறித்த தவணைக்குள்ளாகவே அது அடைத்துவிடுகிறது. பில்டர் சுத்தமாக இருந்தும் கரும்புகை நிற்காவிட்டால், தூவும் நாசில் கெட்டிருக்கிறது. நீலப்புகை என்றால் எஞ்சின் ஆயிலே எரிகிறது. பிஸ்டன் ரிங்குகளோ வால்வு சீல்களோ தேய்ந்தமைக்கு அது அடையாளம். பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் இம்மூன்று நிறங்களையும் மனத்தில் கொண்டு, எஞ்சின் முழுதும் குளிர்ந்திருக்கும் அதிகாலையிலேயே வண்டியைப் பார்க்கச் செல்வது நலம். "நீங்கள் வருவதற்காக வண்டியைச் சூடாக்கி வைத்தேன்" என்று விற்பவர் உபசரித்தால், காப்பியை மட்டும் குடித்துவிட்டுத் திரும்பிவிடலாம்.

டீசல் வண்டி திடீரென்று உயிர்பெற மறுப்பதற்குப் பெரும்பாலும் காரணம் காற்று. எரிபொருட் குழாயில் ஒரு குமிழி புகுந்தாலும் பம்ப் அதனை நெருக்குவதிலேயே காலங்கழித்து, நாசிலைத் திறக்கும் அழுத்தத்தை அடைவதில்லை. இதற்கு ஏர் லாக் என்று பெயர். டாங்க்கை வற்றும்வரை ஓட்டினாலோ, டீசல் பில்டரை மாற்றும்போது புதியதை நிரப்பாமல் பொருத்தினாலோ இது நேரும். பில்டரின் தலையில் கையால் அழுத்தும் சிறு பம்பும், அருகே காற்று விடும் திருகாணியும் இருக்கின்றன. திருகாணியை ஒரு சுற்றுத் தளர்த்தி, கைப்பம்பை அழுத்திக்கொண்டே இருந்தால், முதலில் நுரையும் பின்பு நுரையில்லாத தெளிந்த டீசலும் வரும். அப்போது திருகாணியை முடுக்கிவிட வேண்டும். அதன் பிறகும் எஞ்சின் எழாவிட்டால், நாசிலுக்குச் செல்லும் இரும்புக் குழாய்களின் நட்டுகளைச் சற்றே தளர்த்தி, ஒருவர் உள்ளே அமர்ந்து ஸ்டார்ட்டரைச் சில விநாடி சுழற்றினால், எஞ்சிய காற்றும் வெளியேறும். என் வீட்டில் சாவியைத் திருப்பும் பணி என் மனைவியுடையது. "நிறுத்து" என்று நான் கூவுவது ஸ்டார்ட்டரின் ஓசையில் அவளுக்குக் கேட்பதில்லை என்பதால், இப்போது கையசைப்பில் பேசிக்கொள்ளுகிறோம்.

இரவெல்லாம் நின்ற வண்டி காலையில் மட்டும் நெடுநேரம் சுழன்று எழுமாயின், எங்கோ ஒரு ரப்பர் வளையத்தின் வழியாகக் காற்று உள்ளே கசிந்து, டீசல் டாங்க்கை நோக்கி இறங்கிவிடுகிறது என்று கொள்ளலாம். பில்டருக்கும் பம்புக்கும் இடையே கண்ணாடிபோல் தெளிவான குழாய்த் துண்டொன்றைப் பொருத்தி, ஓடும்போது குமிழிகள் செல்கின்றனவா என்று பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். நான் இந்தக் குற்றத்தைக் கண்டுபிடிக்க ஒன்றரை மாதம் ஆயிற்று. அதற்கு முன்பு ஒரு பட்டறையில், பம்பையே கழற்றிச் சீர்செய்ய வேண்டும் என்று கூறிப் பதினெண்ணாயிரம் ரூபாய் மதிப்பீடு தந்தார்கள். கடைசியில் போன பொருள் பில்டரின் தலையில் இருந்த ரப்பர் வளையம்.

இன்னொரு சிறு பொருளையும் சொல்ல வேண்டும். பம்பின் மேல் ஒரு மின்காந்தத் தடுப்பு இருக்கிறது. மெக்கானிக்குகள் அதைச் சோலினாய்டு என்பார்கள். சாவியைத் திருப்பினால் அது 'டக்' என்று விலகி டீசலுக்கு வழிவிடுகிறது. சாவியை அணைத்தால் மூடிக்கொள்ளுகிறது. டீசல் எஞ்சினில் அணைப்பதற்கு மின்பொறி எதுவும் இல்லாததால், டீசலை நிறுத்துவதே எஞ்சினை நிறுத்தும் வழி. வண்டி எழவில்லை என்றால், பானெட்டைத் திறந்து காதைக் கொடுத்து, சாவி திரும்பும்போது அந்த 'டக்' ஓசை வருகிறதா என்று கேளுங்கள். வராவிட்டால் கம்பியின் முனை கழன்றிருக்கிறதா என்று பாருங்கள். இழுவை வண்டி அழைத்துச் சென்ற பல கார்களுக்கு நேர்ந்த நோய் இவ்வளவே.

நாசிலையும் பம்பையும் மட்டும் நாம் தொடலாகாது. அவற்றின் உள்ளுறுப்புகள் மயிரிழையினும் மிக நுண்ணிய இடைவெளியில் பொருந்தியவை. விரலில் ஒட்டிய தூசியே அவற்றைக் கெடுத்துவிடும். ஆனால் நான்கு நாசில்களையும் கழற்றி, துணியில் சுற்றிப் பட்டறைக்குக் கொண்டு செல்வது நம்மால் இயலும். இந்த வேலைக்குப் பெங்களூரைப் போன்ற ஊர் அரிது. 1951-இல் தோன்றிய மைக்கோ என்னும் மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி ஆடுகோடியில் தொழிற்சாலை அமைத்து, டீசல் பம்புகளையும் நாசில்களையும் பல பத்தாண்டுகள் இங்கே உற்பத்தி செய்தது. 2008-இல் அதன் பெயர் பாஷ் என்று மாறிவிட்ட போதிலும், மைக்கோ லேஅவுட் என்ற பேட்டையின் பெயர் மாறவில்லை. அங்கே பயின்று வெளிவந்தவர்களும், அவர்களிடம் பயின்றவர்களும் நகரெங்கும் 'பம்ப் நாசில்' பட்டறைகள் வைத்தார்கள். நான் செல்லும் பட்டறையின் உரிமையாளரை எல்லோரும் பாய் என்று அழைக்கிறார்கள். கையால் இயக்கும் அழுத்தப் பம்பில் நாசிலைப் பொருத்தி அவர் நெம்புகோலை அழுத்தும்போது பார்க்கவேண்டும். நல்ல நாசில் குருவி கிறீச்சிடுவதுபோல் ஓசையிட்டுப் புகைபோன்ற கூம்பாகத் தூவுகிறது. கெட்டது குழந்தையின் வாயிலிருந்து எச்சில் வழிவதுபோல் சொட்டுகிறது. சொட்டும் டீசல் முழுவதும் எரியாது, அதுவே கரும்புகை. "சார், இரண்டு நாசிலுக்கு மட்டும் முனை மாற்றினால் போதும், நான்கும் மாற்று என்று சொல்லுகிறவனிடம் போகாதீர்கள்" என்றார் பாய்.

அதன் பயனை எண்ணிலேயே காணலாம். டீசல் வண்டியின் புகையைச் சோதிக்கும்போது, நின்ற இடத்திலேயே ஆக்சிலரேட்டரை முழுதும் மிதித்து, வெளிவரும் புகையின் வழியாக ஒளியைச் செலுத்தி, எவ்வளவு ஒளி மறைகிறது என்று அளக்கிறார்கள். அந்த அளவுக்கு ஹார்ட்ரிட்ஜ் அலகு என்று பெயர். பாரத் நான்காம் படிநிலைக்கு முற்பட்ட வண்டிகளுக்கு 65 அலகு வரையும், நான்காம் படிநிலை வண்டிகளுக்கு 50 அலகு வரையும் அனுமதி உண்டு. என் வண்டி முதன்முறை 71 காட்டிற்று. சோதனை நிலையத்தில் இருந்த இளைஞர், "கவலைப்படாதீர்கள் சார், ஐம்பது என்று போட்டுத் தருகிறேன்" என்று பெருந்தன்மையோடு முன்வந்தார். எதிர்வீட்டுச் சன்னலை நினைத்துக்கொண்டு, அந்தச் சான்றிதழ் வேண்டாமென்று திரும்பினேன். ஹீட்டர் பிளக்குகள், ஏர் பில்டர், இரண்டு நாசில் முனைகள் ஆகியவற்றை மாற்றிய பின் அதே நிலையத்தில் 38 வந்தது. கட்டணம் முன்போலவே வாங்கிக்கொண்டார்.

ஆயினும் கண்ணுக்குப் புகை தெரியாமையால் கெடுதி இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம் 2012-இல் டீசல் புகையைப் புற்றுநோய் விளைவிப்பவற்றின் முதல் வரிசையில் சேர்த்தது. 2020 ஏப்ரலில் பாரத் ஆறாம் படிநிலை நடப்புக்கு வந்த பிறகு தயாரான டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி உண்டு. என் வண்டி போன்றவற்றில் அது இல்லை. ஓர் அனுகூலம் மட்டும் நமக்கும் கிடைத்திருக்கிறது. டீசலில் கந்தகத்தின் அளவைப் பத்து லட்சத்தில் பத்துப் பங்காக அதே ஆண்டில் குறைத்துவிட்டார்கள். அதற்கு முந்திய படிநிலையில் அது ஐம்பது பங்கு, அதற்கும் முந்தியதில் முந்நூற்றைம்பது. பழைய எஞ்சினும் இதே டீசலைத்தான் குடிக்கிறது. காலையில் வண்டியைப் பத்து நிமிடம் நிறுத்தி வைத்துச் சூடேற்றும் வழக்கத்தை நான் விட்டுவிட்டேன். எழுந்தவுடன் மெதுவாக ஓட்டிச் சென்றால் எஞ்சின் விரைவில் சூடாகும். தெருவாசிகளுக்கும் உபத்திரவம் குறையும்.

எஞ்சின் சூட்டைப் பற்றிப் பேசும்போது தெர்மோஸ்டாட்டைச் சொல்லாமல் விடலாகாது. எஞ்சின் தக்க உஷ்ணத்தை அடையும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் வால்வு அது. வண்டி அதிகமாகச் சூடேறுகிறது என்று சொன்னவுடன் அதைக் கழற்றி எறிந்துவிடுவது நம் நாட்டு மெக்கானிக்குகள் பலருடைய வழக்கம். "இந்த ஊருக்கு அது வேண்டாம் சார்" என்பார்கள். சென்னை வெயிலில்கூட அது வேண்டும். மூவாயிரம் அடி உயரத்திலுள்ள பெங்களூரில் கட்டாயம் வேண்டும். அது இல்லாத எஞ்சின் எப்போதும் குளிர்ந்தே ஓடி, டீசலை அதிகம் குடித்து, புகையையும் அதிகமாக விடும். ரேடியேட்டரில் ஆழ்குழாய்த் தண்ணீரை ஊற்றுவதும் தவறு. இவ்வூர்ப் போர்வெல் நீரின் உப்புகள் கெட்டிலின் அடியில் படிவதுபோலவே எஞ்சினின் உள்வழிகளிலும் படிகின்றன. கடையில் விற்கும் கூலன்ட்டையே ஊற்ற வேண்டும். அது இனிப்புச் சுவையுள்ள நஞ்சாகையால் குழந்தைகளுக்கும் நாய்களுக்கும் எட்டாமல் வைப்பது கட்டாயம்.

ஆயில் மாற்றுவதை ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் எவரும் கற்றுக்கொள்ளலாம். டீசல் எஞ்சினில் புதிய ஆயில் சில நாளிலேயே கறுத்துவிடும். அது கெட்டதற்கு அடையாளம் அன்று, கரியைத் தன்னுள் தாங்கிக்கொண்டிருப்பதற்கு அடையாளம். நின்று நின்று ஊரும் இந்நகரப் போக்குவரத்தை எண்ணி, நான் 7,500 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றுகிறேன். வடித்த ஆயிலை என்ன செய்வது என்பதே பெரிய கேள்வி. வாசலில் உள்ள சாக்கடையில் ஊற்றுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். நகரின் தென்கிழக்குச் சாக்கடைகள் ராஜகாலுவைகளின் வழியே பெள்ளந்தூர் ஏரிக்கும் வர்த்தூர் ஏரிக்கும் சென்று, தென்பெண்ணையில் கலக்கின்றன. அந்நீரே ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணையில் தேங்கி, கிருஷ்ணகிரி மாவட்டத்து வயல்களுக்குப் பாய்கிறது. இங்கே ஊற்றுவது அங்கே போய்ச் சேரும். பழைய ஆயிலை மூடியுள்ள கேனில் சேர்த்து வைத்து, உரிமம் பெற்றுச் சேகரிப்பவர்களிடம் கொடுக்கும் சர்வீஸ் நிலையத்தில் ஒப்படைத்துவிட வேண்டும்.

இப்போது என்னுடைய முட்டாள்தனம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 2016-இல் ஒரு நாள், ஆயில் வடிப்பதற்காக வண்டியுடன் வந்த ஜாக்கியை மட்டும் வைத்து முன்புறத்தைத் தூக்கி, கீழே படுத்து வேலை செய்துகொண்டிருந்தேன். 17-ஆம் நம்பர் ஸ்பேனரை எடுக்க வெளியே வந்து எழுந்து நின்றேன். அப்போது ஜாக்கி ஊன்றியிருந்த கற்பலகை, அதற்குக் கீழிருந்த சாக்கடையின் விளிம்பில் நழுவிற்று. டன் எடைக்குக் குறையாத வண்டி, நான் தலை வைத்திருந்த இடத்தில் அமர்ந்தது. ஓசை கேட்டு ஓடிவந்த என் மனைவி ஸ்பேனருடன் நிற்கும் என்னையே பார்த்தாள். அன்று மாலைவரை என்னுடன் பேசவில்லை. ஜாக்கி வண்டியைத் தூக்குவதற்கு உரியதே ஒழிய, தாங்குவதற்கு உரியதன்று. தாங்குவதற்கு இரும்பு முக்காலிகள் கிடைக்கின்றன, இரண்டு வாங்குங்கள். கெட்டியான சமதரையில், பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, கியரில் போட்டு, கைப்பிரேக்கை இழுத்து, முக்காலிகள் மேல் வண்டி அமர்ந்த பின்னர் அதை ஒருமுறை பலமாக அசைத்துப் பார்த்துவிட்டே கீழே நுழையவேண்டும். பதிலுக்குச் செங்கற்களை அடுக்குவோரும் உண்டு. செங்கல் எச்சரிக்கை தராமல் நொறுங்கும்.

டைமிங் பெல்ட்டை நான் தொடுவதில்லை. கேம் ஷாஃப்ட்டையும் டீசல் பம்பையும் எஞ்சினின் சுழற்சியோடு இணைக்கும் பல்வரிசை கொண்ட ரப்பர்ப் பட்டை அது. அறுந்தால் பிஸ்டன் வால்வுகளில் மோதி, எஞ்சினின் தலைப்பகுதி முழுவதும் சேதமாகும். ஒரு பல் தவறிப் பொருத்தினாலும் எஞ்சின் தட்டும், புகையும். அதை மாற்றும்போது பட்டையை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் பேரிங்கையும் உடன் மாற்றும்படி வற்புறுத்துங்கள். எனக்கு ஒரு பட்டறையில் பட்டையை மட்டும் புதிதாக்கி, பழைய பேரிங்கைத் துடைத்துப் போட்டுவிட்டார்கள். நாலாயிரம் கிலோமீட்டரில் அது அலறத் தொடங்கிற்று. நல்லகாலமாக அறுவதற்கு முன் அலறிற்று. பழைய வண்டி வாங்கும்போது, பெல்ட் எப்போது மாறியது என்பதற்கு ரசீது இல்லையெனில், மாறவே இல்லை என்று வைத்துக்கொண்டு உடனே மாற்றிவிடுவதே சிக்கனம்.

உதிரிப் பொருள்களுக்கு ஜே.சி. ரோடு. அங்கே கிடைக்காதவற்றுக்குச் சிவாஜிநகர்க் குஜரி. உடைத்துப் பிரித்த வண்டிகளின் கதவும் கண்ணாடியும் கைப்பிடியும் அங்கே மலைபோல் குவிந்திருக்கும். கதவுக் கைப்பிடி, சன்னல் ஏற்றி, விளக்குக் கூடு இவற்றைக் குஜரியில் வாங்குவதில் தவறில்லை. பிரேக், ஸ்டியரிங், பெல்ட் சம்பந்தமான எதையும் அங்கே வாங்காதீர்கள்.

பொறியியலில் கைதேர்ந்துவிட்டோம் என்ற எண்ணத்தில், புதிய வகை டீசல் வண்டிகளிலும் இதே முறையைக் கையாள நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 2007-இல் வந்த ஸ்விஃப்ட் டீசலும், 2008-இல் வந்த இண்டிகா விஸ்டாவின் ஒரு வகையும் 1,248 கன சென்டிமீட்டர் கொண்ட ஃபியட் எஞ்சினால் ஓடுபவை. அதில் பொதுக்குழாய் ஒன்றில் டீசல் ஆயிரம் வளிமண்டல அழுத்தத்துக்கும் மேலாகத் தேங்கி நிற்கிறது. நான் மேலே சொன்னபடி நாசில் குழாயின் நட்டைத் தளர்த்திக் காற்று எடுக்கும் வழக்கம் அவ்வண்டியில் உயிருக்கே ஆபத்து. அவ்வழுத்தத்தில் பீறிடும் தாரை தோலைத் துளைத்து உள்ளே புகும். வலி குறைவாக இருந்தாலும் உடனே அறுவை வைத்தியரிடம் செல்ல வேண்டிய காயம் அது. பழைய வகையிலும் கசிவைக் கையால் தடவிப் பார்க்காமல் அட்டைத் துண்டைப் பிடித்துப் பார்ப்பதே முறை.

இத்தனை உழைப்பும் பணத்தால் ஈடாகிறதா என்று கேட்பவர்களுக்கு நேர்மையாகவே விடை சொல்ல வேண்டும். 2012-ஆம் ஆண்டு மே மாதத்தில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்குச் சுமார் 30 ரூபாய் வித்தியாசம் இருந்தது. 2014 அக்டோபரில் டீசல் விலைக்கட்டுப்பாடும் நீங்கியபின், அந்த இடைவெளி சுருங்கிவிட்டது. என் வண்டி ஊருக்குள் லிட்டருக்குப் பதினான்கு கிலோமீட்டர் தருகிறது. ஆண்டுக்கு ஆறாயிரம் கிலோமீட்டருக்கு மேல் நான் ஓட்டுவதில்லை. இந்தக் கணக்கில் டீசலால் மிச்சமாவது சொற்பம். மிச்சம் எல்லாம் வண்டியின் கொள்விலையிலும், கூலி கொடாமையிலும் வருவதே. கூலி கொடுத்தே எல்லாம் செய்விக்க நினைப்பவர், சிறிய பெட்ரோல் வண்டி ஒன்றை வாங்கிக்கொள்வது மேல்.

சட்டத்தின் நிலையையும் அறிய வேண்டும். சொந்த உபயோகக் கார் பதினைந்து ஆண்டு நிறைந்ததும், போக்குவரத்து அலுவலகத்தில் தகுதிச் சோதனைக்குக் காட்டி, ஐந்தாண்டுக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2018-இல் இதற்கு நான் கட்டிய மையக் கட்டணம் 600 ரூபாய். 2022 ஏப்ரலில் அது 5,000 ஆயிற்று. ஆகவே 2023-இல் 5,000 கட்டினேன். மாநிலத்தின் பசுமை வரி இதற்குப் புறம்பு. கட்டணங்கள் அடிக்கடி மாறுவதால், போகுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். டில்லியில் பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகள் ஓடலாகாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் ஆணையிட்டு, 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதனை ஒட்டித் தீர்ப்பளித்ததை அடுத்து, அப்பக்கத்து வண்டிகள் பல மலிவு விலையில் தெற்கே வந்தன. விலையைக் கண்டு மயங்காமல், அங்கிருந்து தடையின்மைச் சான்று உண்டா, இங்கே கட்ட வேண்டிய ஆயுள் வரி எவ்வளவு என்று முதலில் கணக்கிட வேண்டும். வரியோடு சேர்ந்தால் மலிவு மறைந்துவிடுவதுண்டு.

வண்டியை எப்போது விட்டுவிடுவது? எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அதன் வாயின் மேல் தளர்வாக வையுங்கள். மூடி சற்றே நடுங்கினால் குற்றமில்லை. துள்ளி விழுந்து, உள்ளிருந்து ரயில் வண்டிபோல் புகை வருமாயின், நெருக்கிய காற்று பிஸ்டனைச் சுற்றிக் கீழே கசிகிறது. நெருக்கம் போனால் டீசல் எஞ்சினுக்கு எதுவும் இல்லை. முழு எஞ்சினையும் பிரித்துச் செய்யும் செலவு, வண்டியின் விலையைத் தாண்டிவிடும். அந்நிலையில், பதிவுபெற்ற வாகன உடைப்பு நிலையத்தில் ஒப்படைத்து, அவர்கள் தரும் வைப்புச் சான்றிதழையும், பின்னர் உடைப்புச் சான்றிதழையும் பெற்று, பதிவை ரத்துச் செய்துவிட வேண்டும். வண்டியைக் குஜரிக்காரரிடம் வெறுமனே தள்ளிவிட்டால், அது யார் கையில் எங்கே ஓடினாலும் காகிதத்தில் நம் பெயரே நிற்கும். என் வண்டியின் மூடி சென்ற மாதம்வரை நடுங்கத்தான் செய்தது, துள்ளவில்லை. அடுத்த புதுப்பித்தல் 2028-இல் வருகிறது.